ஜிம்மிக்கு நெறி கட்டியது எதனால்?

கேள்வி: எங்கள் வீட்டு கோல்டன் ரெட்ரீவர் ஜிம்மி ஒன்பது வயதில் லிம்போமா என்கிற புற்றுநோய் வந்து இறந்துவிட்டான். முதலில் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. உண்ணிக் காய்ச்சலாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை என்றதும் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது, நன்றாகச் சாப்பிட்டான், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அடுத்த மாதமே கழுத்து, தோள், பின்னங்கால் என்று எல்லா இடத்திலும் நெறி கட்டியது. கோவைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்த பிறகுதான் லிம்போமா என்று தெரிந்தது. மொத்தம் மூன்றே மாதம்.

நாங்கள் குடியிருப்பது தென்னந்தோப்பில். வருடத்துக்கு மூன்று தடவை களைக்கொல்லி அடிக்கிறோம். பக்கத்துக் கரும்புக் காட்டில் 2,4-டி அடிப்பார்கள். உண்ணிக்கு மாட்டுக்கு வாங்கும் மருந்தையே கலக்கி ஜிம்மிக்கும் ஊற்றுவோம். என் கணவர் திண்ணையில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும்போது அவர் காலடியிலேயேதான் ஜிம்மி படுத்திருப்பான். "நாமதான் அவனைக் கொன்னுட்டோமா?" என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது? இன்னொன்று: கருப்பன் என்று ஏழு வயதில் ஒரு நாட்டு நாய் இருக்கிறான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அவனுக்குத் தொற்றுமா? மகன் மறுபடியும் கோல்டன் குட்டிதான் வேண்டும் என்கிறான். வாங்கலாமா?

— ஒரு வாசகி, பொள்ளாச்சி அருகே

பதில்: மகளுக்கு முதலில் சொல்லிவிடுங்கள்: இல்லை, நீங்கள் கொல்லவில்லை. ஆறுதலுக்காக இதை எழுதவில்லை. ஒரு தனி நாய்க்கு லிம்போமா வந்ததற்கு இன்ன பொருள்தான் காரணம் என்று காட்டுகிற பரிசோதனை உலகத்தில் எங்கும் கிடையாது. ஆயிரக்கணக்கான நாய்களை வைத்துப் பார்த்தால் சில பழக்கங்களும் சில இடங்களும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுவதாகத் தெரிகிறது. அது கருப்பனுக்காக நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அதை வைத்து ஜிம்மி விஷயத்தில் தீர்ப்பு எழுத முடியாது.

ஜிம்மிக்கு எதிராக இருந்த பெரிய விஷயங்கள் இரண்டு. அவன் வயது, அவன் இனம். லிம்போமா நடுவயது தாண்டிய நாய்களைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. லிம்போசைட் என்கிற வெள்ளணுவில் பிறக்கும் புற்றுநோய் இது. புதுப்புதுக் கிருமிகளை அடையாளம் காண, இந்த அணுக்கள் தம் மரபணுவைத் தாமே வெட்டி, மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. கிருமி வந்தால் மளமளவென்று பெருகவும் செய்கின்றன. வெட்டி ஒட்டுகிற ஒவ்வொரு தடவையும் தவறு நேர வாய்ப்பு உண்டு. ஒன்பது வருடத்தில் அப்படிச் சேர்ந்த தவறுகளில் ஏதோ ஒன்று அடங்காமல் போகிறது. இதற்குத் தோப்பும் வேண்டாம், சிகரெட்டும் வேண்டாம்.

இனம் என்று பார்த்தால் கோல்டன் ரெட்ரீவர், பாக்ஸர், புல்மாஸ்டிஃப், ராட்வைலர், காக்கர் ஸ்பேனியல் எல்லாம் முன்வரிசையில் நிற்கின்றன. அமெரிக்காவில் கோல்டன்களில் ஏறக்குறைய எட்டில் ஒன்றுக்கு வாழ்நாளில் லிம்போமா வருகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. லிம்போமாவில் பி-செல், டி-செல் என்று இரண்டு வகை உண்டு. பாக்ஸருக்கு வந்தால் அது பெரும்பாலும் டி-செல் வகை, கட்டுப்படுத்தக் கடினமானது. கோல்டனுக்கு பி, டி இரண்டுமே வரும். இப்படி இனத்துக்கு இனம் வகை மாறுவதே, இதில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு என்பதைக் காட்டிவிடுகிறது. காரணங்களைத் தேடித்தான் 2012-லிருந்து அமெரிக்காவின் மாரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் மூவாயிரத்துச் சொச்சம் கோல்டன்களைச் சேர்த்து, இளம் வயதிலிருந்தே அவற்றின் உணவு, வீடு, மருந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வருகிறது.

இனி உங்கள் தோப்பு. இந்தக் களைக்கொல்லிக் கதை மனிதரிடமிருந்து நாய்க்கு வந்தது. 1986-ல் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், வருடத்துக்கு 20 நாளுக்கு மேல் களைக்கொல்லியைக் கையாண்ட விவசாயிகளுக்கு நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா வரும் அபாயம் ஆறு மடங்கு என்று ஓர் ஆய்வு சொன்னது. சந்தேகம் விழுந்த மருந்துகளில் முதன்மையானது 2,4-டி. நாய்க்கு வருகிற லிம்போமா மனிதருடைய அந்த நோயைப் பெரிதும் ஒத்தது. நாய் வீட்டுப் புல்வெளியிலேயே புரள்கிறது, அதன் ஆயுளும் குறைவு, ஆகவே விளைவு சீக்கிரம் தெரியும் என்று ஆராய்ச்சியாளர்கள் நாய்ப் பக்கம் திரும்பினார்கள். 1991-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தினர் லிம்போமா வந்த சுமார் 490 நாய்களை மற்ற நாய்களோடு ஒப்பிட்டார்கள். வீட்டுக்காரரே வருடத்துக்கு நாலு தடவையோ அதற்கு மேலோ 2,4-டி அடித்த வீடுகளில் அபாயம் இரண்டு மடங்கு என்று வந்தது. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன.

எதிர்ப்பும் உடனே கிளம்பியது. என்ன மருந்து, எத்தனை தடவை என்பதெல்லாம் உரிமையாளர்கள் ஞாபகத்திலிருந்து சொன்னது. நாயைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொன்றையும் தோண்டித் தோண்டி நினைத்துப் பார்ப்பார்கள், மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. நீங்கள் எனக்கு எழுதியிருக்கும் பட்டியலே அதற்குச் சாட்சி. 1999-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் அதே தரவுகளை எடுத்து மறுபடி கணக்கிட்டபோது, மருந்து கூடக் கூட நோயும் கூடுகிறது என்ற தொடர்பு நிற்கவில்லை. விஷயம் அத்தோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. 2012-ல் மாசசூசெட்ஸில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த நாய்களை வைத்து இன்னொரு குழு பார்த்தது. கூலிக்கு ஆள் வைத்து மருந்தடித்த புல்வெளி உள்ள வீடுகளில் லிம்போமா அபாயம் சுமார் 70 சதவீதம் கூடுதலாக இருந்தது.

70 சதவீதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். நூறில் இரண்டு என்றிருப்பது ஏறக்குறைய மூன்றரையாவதும் இந்தக் கணக்கில்தான் வரும். என் கருத்தைக் கேட்டால், இந்த மருந்துகளின் மேல் சந்தேகம் நியாயமானது, குற்றம் நிரூபணமாகவில்லை. மனிதருக்கான வகைப்பாட்டிலும் அதே தயக்கம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' பட்டியலிலும், 2,4-டி-யை அதற்கு ஒரு படி கீழேயும் வைத்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. அடித்த மருந்து நாயின் உடம்புக்குள் போகிறது. பர்டூ பல்கலைக்கழகத்தினர் மருந்தடித்த வீட்டு நாய்களின் சிறுநீரில் களைக்கொல்லியைக் கண்டார்கள். மருந்தே அடிக்காத வீட்டு நாய்கள் சிலவற்றிலும் அது இருந்தது, காற்றில் வந்ததோ நடைபோன இடத்தில் ஒட்டியதோ. மேலும் 2,4-டி போன்ற அமிலங்களைச் சிறுநீரில் தள்ளுவதில் நாயின் சிறுநீரகம் நம்முடையதைவிட மந்தம். நம் உடம்பை விட்டுச் சீக்கிரம் போகிற மருந்து அதன் உடம்பில் நெடுநேரம் தங்கும். செருப்பில்லாமல் நடந்து, அந்தக் காலையே நக்குகிற பிராணி வேறு.

ஆகவே கருப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மருந்தடிக்கும் நாளில் அவனை வீட்டுப் பக்கம் கட்டிவிடுங்கள். அடித்த இடம் நன்றாகக் காய்ந்த பிறகும் ஒன்றிரண்டு நாள் அங்கே விடாதீர்கள். தப்பி ஓடிப் போய்விட்டு வந்தால் காலையும் வயிற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டேங்கைக் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் கொட்டக் கூடாது, அவன் குடிப்பது அங்கேதான். தோப்புகளில் நான் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று: காலி மருந்து கேனைக் குறுக்கே வெட்டி நாய்க்குத் தண்ணீர்த் தொட்டியாக வைத்திருப்பார்கள். உங்கள் தோப்பில் அப்படி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வீட்டைச் சுற்றி நாய் படுக்கிற இடத்தில் மட்டுமாவது களையை ஆள் விட்டோ இயந்திரம் வைத்தோ வெட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சிகரெட் விஷயத்தில் உங்கள் கணவரைத் தப்ப விட மாட்டேன். பூனைகளில் 2002-ல் வந்த ஆய்வு ரொம்பத் தெளிவானது. புகைபிடிப்பவர் உள்ள வீட்டுப் பூனைக்கு லிம்போமா வரும் அபாயம் 2.4 மடங்கு, ஐந்து வருடத்துக்கு மேல் அப்படி வாழ்ந்த பூனைக்கு 3.2 மடங்கு. புகையை மூச்சில் இழுப்பது போதாதென்று, ரோமத்தில் படிந்ததை நக்கியும் விழுங்குகிறது பூனை. நாய்களில் லிம்போமாவுக்கான சான்று இவ்வளவு வலுவாக இல்லை. போர்ச்சுகல் ஆய்வு ஒன்று தொடர்பு இருப்பதாகச் சொல்கிறது. கொலராடோவில் 1990-களில் நடந்த ஆய்வுகளோ வேறு இரண்டு புற்றுநோய்களைக் காட்டின. நீள மூக்கு நாய்க்கு மூக்கிலும், குட்டை மூக்கு நாய்க்கு நுரையீரலிலும். நீள மூக்கு புகையை வடிகட்டித் தானே வாங்கிக்கொள்கிறது. கணவர் திண்ணையை விட்டுத் தோப்புக்குள் போய்ப் பிடிக்கட்டும். விட்டுவிட்டால் இன்னும் நல்லது, அதற்கு நாயைக் காரணமாகச் சொல்வதில் எனக்கு வருத்தமில்லை.

குப்பை எரிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இத்தாலியில் நேப்பிள்ஸைச் சுற்றி சட்டவிரோதமாகக் கழிவு கொட்டி எரித்த பகுதிகளில் வாழும் நாய்களுக்கு லிம்போமா கூடுதல் என்று 2009-ல் ஆய்வு வந்தது. அதே நாட்டில் அதற்கு முன் நடந்த இன்னொரு ஆய்வில் தொழிற்சாலைப் பகுதியில் வசிப்பதும், வீட்டுக்காரர்கள் பெயின்ட், தின்னர் புழங்குவதும் நோயோடு சேர்ந்து வந்தன. தோப்பு மூலையில் பிளாஸ்டிக்கைக் கொளுத்துகிற வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

உண்ணி மருந்து லிம்போமாவைக் கொண்டுவருமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். மேலே சொன்ன 2012 டஃப்ட்ஸ் ஆய்வில் தெள்ளு, உண்ணி மருந்துகளுக்கும் லிம்போமாவுக்கும் தொடர்பு தென்படவில்லை. நம் ஊரில் உண்ணி மருந்தை நிறுத்தினால் எர்லிக்கியா, பபீசியா என்று உண்ணிக் காய்ச்சலே நாயைக் கொண்டுபோய்விடும். லிம்போமா பயத்தால் உண்ணி மருந்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் மாட்டு மருந்தை நாய்க்கு ஊற்றுவது வேறு தப்பு. மூடியால் அளந்து வாளியில் கலக்குகிற அளவு கொஞ்சம் கூடினாலும் நாய் எச்சில் வடித்து, நடுங்கி, விழுந்துவிடும். நாய்க்கென்றே மாத்திரையும் சொட்டு மருந்தும் இருக்கின்றன. மாட்டுக் கொட்டகைப் பரணில் பழைய காமாக்சின் பொடி கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதில் இருப்பது லிண்டேன். மனிதரில் நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா உண்டாக்குவதாக உறுதியான பட்டியலிலேயே சேர்க்கப்பட்ட பொருள் அது, நம் நாட்டிலும் தடை செய்யப்பட்டுவிட்டது. அந்தக் காலத்தில் அதைத்தான் நாயின் முதுகில் தூவித் தேய்ப்பார்கள்.

தொற்றுமா என்று கேட்டீர்கள். தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், காயத்தை நக்கினாலும் லிம்போமா ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குப் போவதில்லை. பிள்ளைகளுக்கும் வராது. இந்தப் பயம் வேறு ஒரு நோயிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். தெரு நாய்களுக்கு இனச்சேர்க்கையின்போது பிறப்புறுப்பில் ஒரு கட்டி பரவும், காலிஃபிளவர் மாதிரி, ரத்தம் சொட்டும். அது நிஜமாகவே தொற்றுகிற புற்றுநோய், ஆனால் வின்கிரிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலும் முழுசாகக் குணமாகிவிடும். அது வேறு, இது வேறு.

நீங்கள் கேட்காமலே சொல்லியிருக்கும் விஷயம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. முதலில் உண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்ததில் தவறில்லை. உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும், நம் பகுதியில் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஆனால் என்ன நோய் என்று தெரியாமல் ஸ்டீராய்டு கொடுத்திருக்கக் கூடாது. பிரெட்னிசலோன் லிம்போமா அணுக்களில் பெரும்பகுதியைத் தற்காலிகமாகக் கொன்றுவிடும். நெறி வடியும், பசி எடுக்கும், வீட்டில் எல்லாரும் கும்பிடுவார்கள். அந்த நேரத்தில் ஊசியால் எடுத்துப் பார்த்தால்கூட நோய் சரியாகத் தெரியாமல் போகலாம். தப்பிப் பிழைத்த அணுக்கள் பிறகு கொடுக்கும் கீமோவுக்கும் எளிதில் மசியாது.

எதுவும் செய்யாவிட்டால் பல நாய்கள் நாலு முதல் ஆறு வாரத்தில் போய்விடுகின்றன. ஸ்டீராய்டு மட்டும் என்றால் ஒன்றிரண்டு மாதம். நாலு மருந்துகள் சேர்ந்த 'சாப்' என்கிற கீமோ முறையில் பத்தில் எட்டு, ஒன்பது நாய்களுக்கு நோய் அடங்குகிறது, பி-செல் வகையாக இருந்தால் சராசரியாக ஒரு வருடம் போல நன்றாக வாழ்கின்றன. டி-செல் என்றால் அதைவிடக் குறைவு. குணமாவது அபூர்வம். மனிதருக்குக் கொடுக்கிற வேகத்தில் நாய்க்குக் கொடுப்பதில்லை, அதனால் அவ்வளவு வாந்தி, முடி கொட்டல் இருக்காது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில் கேட்கலாம். செலவும் அலைச்சலும் உண்டு, வேண்டாம் என்று முடிவெடுக்கிறவர்களை நான் குறை சொல்வதில்லை. நோய் என்னவென்று தெரிந்து, கீமோ வேண்டாம் என்று முடிவுசெய்த பிறகு ஸ்டீராய்டு கொடுப்பது கருணை. அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பே உங்களுக்குக் கிடைக்காமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது கருப்பன். மாதம் ஒரு தடவை, குளிப்பாட்டும்போது, மூன்று இடத்தைத் தடவிப் பாருங்கள். தாடை எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும். அங்கே உமிழ்நீர்ச் சுரப்பியும் மெத்தென்று தட்டுப்படும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்து தோள் எலும்புக்கு முன்னால், கழுத்து சேரும் இடத்தில். கடைசியாகப் பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம். பழகுவதற்கு இதுதான் சுலபம், சதைக்கு நடுவே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து மெல்ல வருடினால் பட்டாணி அளவில் ஒன்று வழுக்கும். அது அப்படியே இருக்கும்வரை கவலையில்லை. எலுமிச்சை மாதிரி கெட்டியாக, தொட்டால் வலிக்காமல், இரண்டு பக்கமும் பெருத்திருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். வலித்துச் சூடாக இருந்தால் புண், சீழ் என்று எதுவாகவும் இருக்கலாம். வலிக்காத நெறிதான் ஆபத்தானது, நாய் விளையாடிக்கொண்டே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. காரணமில்லாமல் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாலும் கவனியுங்கள். சில வகை லிம்போமாவில் ரத்தத்தில் கால்சியம் ஏறி அப்படி ஆகும். வயதான நாய்க்கு வருடக்கணக்கில் அரிப்பு இருந்து, மூக்கு, உதடு வெளுத்துத் தடித்தால் அதையும் வெறும் அலர்ஜி என்று விட்டுவிடக் கூடாது. தோலிலும் லிம்போமா உண்டு.

மருத்துவரிடம் போனதும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "டாக்டர், ஸ்டீராய்டுக்கு முன்னால் ஊசி விட்டு எடுத்துப் பார்த்துவிடலாமா?" தடுப்பூசி போடுகிற அளவு மெல்லிய ஊசிதான். மயக்க மருந்து வேண்டாம். வீங்கிய நெறியில் குத்தி, வருகிற துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் போட்டுப் பார்ப்பார்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையையும் அதே நாளில் செய்துவிடலாம். எந்த நல்ல மருத்துவரும் இப்படிக் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மகனுக்குக் கோல்டன் வாங்கிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எட்டில் ஒன்றுக்கு வருகிறது என்றால் ஏழுக்கு வரவில்லை என்றும் அர்த்தம். கருத்தடை அறுவை சிகிச்சையை மட்டும் ஒரு வயதுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் 2013-ல் கோல்டன்களில் பார்த்தபோது, ஒரு வயதுக்குள் விதை நீக்கிய ஆண் நாய்களில் லிம்போமா, நீக்காதவற்றைவிட மூன்று மடங்கு இருந்தது. இதைக் கேட்டுவிட்டு அறுவையே வேண்டாம் என்று கிளம்பாதீர்கள், குறிப்பாகப் பெண் குட்டியாக இருந்தால். கருப்பையில் சீழ் பிடிப்பதும், மார்பில் புற்றுநோய் வருவதும் நம் ஊரில் தினம் பார்க்கிற சங்கதி. வாங்கும்போது விலையைப் பேசுவதற்கு முன், தாய், தகப்பன், தாத்தா, பாட்டி நாய்கள் எத்தனை வயது இருந்தன, எதனால் இறந்தன என்று கேளுங்கள். பத்து வயதைத் தாண்டிய கிழட்டுக் கோல்டன் ஒன்றாவது அந்த வம்சத்தில் உயிரோடு நடமாடினால் நேரில் போய்ப் பாருங்கள். சான்றிதழை மட்டும் நீட்டி, இந்தக் கேள்விக்கு மழுப்புகிறவரிடம் வாங்க வேண்டாம்.